தலையை மட்டும் அளந்தவள்

ஜூன் 18, செவ்வாய்

ட்ரெவ் நோஸ்கே பண்ணை. 2,140 ஆடு. கால் மரத்துப்போய்விட்டது, இடுப்பு தனியாகக் கழன்று விழுகிறது.

பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. தாழ்வான நாற்காலியில் உட்கார வேண்டியது, செம்மறி கூண்டுக்குள் வந்ததும் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைக்க வேண்டியது, திரையில் எத்தனை குட்டி என்று பார்த்து "ஒண்ணு", "ரெண்டு", "காலி" என்று கத்த வேண்டியது. கூண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் என் வீட்டுக்காரன் ப்ரெண்டன் அதற்கேற்ற வண்ணத்தை ஆட்டின் முதுகில் பீய்ச்சுவான். ஓர் ஆட்டுக்கு மூன்று விநாடி. விம்மெரா வட்டாரத்தில் என்னைவிட வேகமாகச் செய்ய ஆள் கிடையாது. இந்த வருடம் ஒரே வித்தியாசம்: நாற்காலிக்கும் கூண்டுக்கும் நடுவே என் வயிறும் இடம் கேட்கிறது. இருபத்தாறு வாரம். முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளை.

மதியம் ட்ரெவ் சாண்ட்விச்சை மென்றுகொண்டே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா கெர்ரின், என்ன உன் வயிறு இத்துனூண்டு இருக்கு? என் ஆடுங்க இதவிடப் பெருசா காட்டுதே."

"உங்க ஆடு நாலு கால்ல நிக்குது ட்ரெவ். நான் ரெண்டு கால்ல நிக்கிறேன். தொங்குறதுக்கு இடமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ப்ரெண்டன் மட்டும் என் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

ஜூன் 24, திங்கள்

மழை. நனைந்த ஆட்டோடு மல்லுக்கட்ட முடியாது. நாள் பூராவும் தூங்கினேன். குழந்தை உதைத்தது, ஆனால் மெதுவாக. மரியாதை தெரிந்த பிள்ளை.

ஜூலை 2, செவ்வாய்

மருத்துவச்சி மார்லீன் டேப்போடு வந்தாள். தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப். அடிவயிற்று எலும்பிலிருந்து வயிற்றின் மேட்டுவரை அளந்தாள். மறுபடி அளந்தாள். இருபத்தெட்டு வாரம் என்றால் இருபத்தெட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். என்னுடையது இருபத்து நாலு.

"கண்ணு, வெள்ளிக்கிழமை நகரத்துக்குப் போயி டாப்ளர் ஸ்கேன் எடுத்துட்டு வந்துடு. நான் போன் பண்ணி இடம் வாங்கிட்டேன்."

"வெள்ளிக்கிழமை எனக்கு மூவாயிரம் ஆடு இருக்கு மார்லீன்."

"ஆடு ஓடிப்போயிடாது."

"நாள் தள்ளிப்போனா குட்டி பெருசாயிடும், ஒண்ணா ரெண்டான்னு எண்ண முடியாது. பண்ணைக்காரன் எந்த ஆட்டுக்கு அதிகத் தீனி போடுவான்? உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஆடு தெரியாதுதான். உன் வயிறு சின்னதா இருக்கறது தெரியுது."

துணி டேப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னை நகரத்துக்கு விரட்டுகிறாள். நான் யார்? இதுவரை மூன்று லட்சம் வயிற்றுக்குள் பார்த்தவள்.

ஜூலை 4, வியாழன்

செய்துவிட்டேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

கொட்டகையில் இயந்திரத்தைப் போட்டு, என் நாற்காலியில் நானே உட்கார்ந்து, சட்டையைத் தூக்கினேன். மனிதர்களுக்கு ஏதோ வெதுவெதுப்பான பசை தடவுவார்களாம். ஆட்டுக்கு வெறும் தண்ணீர்தான். அதுவும் எங்கள் குளிர்காலமான ஜூலை மாதத் தண்ணீர். நான் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

ப்ரெண்டன் பழக்கதோஷத்தில் வண்ணத் துப்பாக்கியோடு நின்றான்.

"மொதல்ல அதக் கீழ வை."

"சாரி. எங்க நிக்கிறதுன்னே தெரியல, அதான்."

ஒன்று. ஒன்றே ஒன்று. இதயம் படபடவென்று அடித்தது. ஒரு கை முகத்துக்கு நேரே வந்து போனது. "கை! கெர், அது கைய ஆட்டுது!" என்று ப்ரெண்டன் கத்தினான். எத்தனை குட்டிகளைப் பார்த்திருக்கிறான், ஒன்றும் கையாட்டியதில்லை.

தலையின் அகலத்தை அளந்தேன். ஆட்டின் வயிற்றில் குட்டிக்கு எத்தனை நாள் என்று சொல்ல அதைத்தான் அளப்போம். இயந்திரத்துக்கு ஆட்டுக் கணக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே "ஈனும் நாள் கடந்துவிட்டது" என்று திரையில் காட்டியது. போனில் மனிதக் கணக்கைத் தேடினோம். எழுபத்தொரு மில்லிமீட்டர் என்றால் இருபத்தெட்டு வாரம். அச்சு அசல்! டேப்பாவது மண்ணாவது.

நகரத்துக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வரவில்லை, அவசியமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அவங்க டாப்ளர்னு ஏதோ சொன்னாங்களே, அது நம்ம மிஷின்ல இருக்கா?" என்று ப்ரெண்டன் கேட்டான்.

"அது கலர் காட்டும். நமக்கெதுக்குக் கலர்?"

ஜூலை 5, வெள்ளி

3,015. என் வாழ்நாளின் அதிகபட்சம்.

ஜூலை 9, செவ்வாய்

அவமானம். வேறு சொல் இல்லை.

ட்ரெவின் இரண்டாவது மந்தை. பத்து மணி இருக்கும், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம், திடீரென்று ஆடு வருவது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், ஆடுகள் ஒற்றை வரிசையில் வரும் சந்துக்குள் மார்லீன் நிற்கிறாள்! வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அவளுக்குப் பின்னால் நானூறு ஆடு கத்துகிறது.

"ஸ்கேனுக்கு வரலேன்னு சொன்னியாமே?"

"நானே பாத்துட்டேன் மார்லீன். தலை சரியா இருக்கு, இதயம் அடிக்குது."

"எதுல பாத்த?"

ப்ரெண்டன் இயந்திரத்தைக் கை காட்டினான். கட்டிக்கொண்டவன்!

மார்லீனுக்குக் கோபம் வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். "நீ எந்திரிக்கிற வரைக்கும் ஒரு ஆடும் உள்ள வராது. நான் ரிடையர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நிப்பேன்."

ட்ரெவைப் பார்த்தேன். அவருடைய ஆடு, அவருடைய நாள், அவராவது மார்லீனைத் துரத்துவார் என்று. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கெர்ரின், பன்னண்டு வருஷமா நீ ஒரு ஆட்ட மூணு செகண்டு பாத்து 'காலி'ங்கற. நான் அத லாரியில ஏத்திக் கசாப்புக்கு அனுப்பிடறேன். நெசமா காலிதானான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"தெரிஞ்சவ சொல்றான்னு கேட்டுக்கறேன். நீயும் கேட்டுக்கயேம்மா."

வெள்ளிக்கிழமைக்கு மறுபடி இடம் வாங்கியிருக்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

நகரம். நூற்று எண்பது கிலோமீட்டர். ஸ்கேன் எடுத்தவள் பெயர் மரிவிக். பிலிப்பைன்ஸ்காரி, என் தோள் உயரம்தான் இருப்பாள், மெல்லப் பேசுகிறாள். படுத்ததும் முதல் வேலையாக, திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். நானும் இதே தொழில் என்றேன்.

"அப்படியா மேடம்? சந்தோஷம். ஒரு ஆட்டுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

"மூணு செகண்டு."

"எனக்கு நாப்பது நிமிஷம் ஆகும். பொறுத்துக்குங்க."

தலையை அளந்தாள். சரி. நான் ப்ரெண்டனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அப்புறம் வயிற்றைச் சுற்றி அளந்தாள். என் வயிற்றை அல்ல, குழந்தையின் வயிற்றை. அதை நான் அளக்கவே இல்லை. ஆட்டுக்குட்டியில் யார் அளக்கிறார்கள்?

நூறு குழந்தைகளை வயிற்றளவு பார்த்து வரிசையில் நிறுத்தினால், கடைசியிலிருந்து மூன்றாவது இடம் எங்களுடையதற்கு.

பிறகு ஒரு பொத்தானை அமுக்கினாள். கறுப்பு வெள்ளைக்குள் சிவப்பும் நீலமும் வந்தது. தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுகிறது. கீழே ஒரு கோடு, அலை அலையாக. குழந்தையின் இதயம் அடிக்கும்போது அலை எழும்புகிறது, அடுத்த அடிக்கு முன் இறங்குகிறது. இறங்கினாலும் தரையைத் தொடக் கூடாதாம். இரண்டு துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுடைய அலை மிகவும் தாழ இறங்குகிறது. நஞ்சுக்கொடி வழிவிட மறுக்கிறது.

"அப்ப தலை மட்டும் எப்படிம்மா சரியா இருக்கு?" ப்ரெண்டன் கேட்டான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

டாக்டர் வந்து சொன்னார். இளைஞன், காதில் தோடு. "வர்றது கொஞ்சம்தான்னு குழந்தைக்குத் தெரியும். அதனால மொதல்ல மூளைக்கு அனுப்பிடும். வயிறு, கல்லீரல் எல்லாம் மிச்சத்த வாங்கிக்கணும். தலைய மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம்."

வாரத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். கூண்டு வேலை இன்றோடு நிறுத்தம்.

ஜூலை 13, சனி

தலையை மட்டும் அளந்தேன். அளந்துவிட்டு, சிரித்துவிட்டு, போன் போட்டு வேண்டாம்னு சொன்னேன். எட்டு நாள். எட்டு நாளா அது உள்ளே பங்கு பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு, நான் மூவாயிரத்துப் பதினைந்துன்னு பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தேன் — என்ன பொம்பள நான்?

மெதுவாக உதைக்கிறது, மரியாதை தெரிந்த பிள்ளை என்று எழுதியிருக்கிறேன். மேலே பார்த்தேன். கிழித்துப்போடத் தோன்றியது. இருக்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

மீதமுள்ள பண்ணைகளை நெவ் பாஸ்கோவிடம் கொடுத்தேன். எழுதவே கை கூசுகிறது. நெவ் வேறு வட்டாரத்து ஸ்கேன்காரன். வேலையில் நத்தை. வயிற்றில் மூன்று இருந்தால் இரண்டு என்பான். பத்து வருடமாக நான் அவனைக் கிண்டல் செய்யாத மதுக்கடை இல்லை. போனை எடுத்தவன் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"எல்லாத்தையும் செஞ்சு தர்றேன். நீ படுத்திரு தாயி."

அவன் நல்லவனாக இருப்பது எனக்குப் பெரிய தொந்தரவு.

ஜூலை 19, வெள்ளி

இரண்டாவது, மூன்றாவது ஸ்கேன் முடிந்தது. அலை அப்படியேதான் இருக்கிறது. மோசமாகவில்லை என்பதுதான் நல்ல செய்தி என்கிறாள் மரிவிக். நானும் இப்படித்தான் பண்ணைக்காரர்களிடம் பூசி மெழுகுவேன்.

ஊருக்கே தெரிந்துவிட்டது. இரட்டைக்குட்டி ஆட்டைக் கவனிப்பதுபோல் என்னைக் கவனிக்கிறார்கள். வாசலில் ஏழு பாத்திரம் குழம்பு. ட்ரெவ் ஒரு முழு ஆட்டிறைச்சியோடு வந்தார்.

"நல்லாத் தின்னு. உள்ள எறங்கும்."

"நான் தின்னா அதுக்குப் போகாது ட்ரெவ். வழியில அடைப்பு."

அவர் இறைச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ப்ரெண்டன் தின்னட்டும். அவனும் எளச்சுப்போயிட்டான்" என்று வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 23, செவ்வாய்

மரிவிக் அளந்தாள். அழித்தாள். அளந்தாள். கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை அளந்தாள்.

எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். குட்டி செத்திருந்தால் நானும் இப்படித்தான் செய்வேன். மூன்று விநாடி பத்து விநாடியாகும், பண்ணைக்காரன் அப்போதே தலையைக் குனிந்துகொள்வான்.

அலை தரையைத் தொட்டிருந்தது. இரண்டு துடிப்புக்கு நடுவே ஒன்றுமில்லை. வெறும் கோடு.

"சொல்லிடும்மா. நானும் இதே வேலைதான். சொல்லு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், உங்க குழந்தை உயிரோட இருக்கு. இதயம் நிமிஷத்துக்கு நூத்தி நாப்பத்திரண்டு. அவ்ளோதான் நான் சொல்லலாம். டாக்டர் இப்ப வருவாரு."

வந்தார். குழந்தையின் நுரையீரல் முதிர ஒரு ஊசி, நாளை இன்னொன்று. மதியம் மூன்றுக்குச் சின்ன விமானத்தில் மெல்போர்ன். முப்பத்தொரு வாரம். விமானத்தில் இடமில்லாததால் ப்ரெண்டன் வண்டியில் வருகிறான். போகும்போது, "அங்க பெரிய மிஷின் இருக்கும் கெர். பெரிய மிஷின்" என்று இரண்டு முறை சொன்னான். அவன் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

மெல்போர்ன். தினமும் ஸ்கேன், தினமும் இதயத் துடிப்புப் பதிவு. தரையைத் தொட்ட அலை அப்படியே நிற்கிறது. தரைக்குக் கீழே போகாதவரை, அதாவது ரத்தம் திரும்பி ஓடாதவரை, உள்ளேயே வைத்திருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் லாபமாம். எனக்குப் பொறுமை என்பது மூன்று விநாடி. இங்கே அதை நாள் கணக்கில் கேட்கிறார்கள்.

ப்ரெண்டனின் பூட்ஸை நர்ஸ் வார்டுக்கு வெளியே விடச் சொன்னாள். அரை மணியில் ஆட்டு நாற்றம் தாங்காமல் அதைப் பையில் கட்டிக் கீழே அனுப்பிவிட்டாள்.

நெவ் தினமும் மதியம் போன் செய்கிறான். இன்று:

"கெர்ரின், இந்த மூணு குட்டி சமாச்சாரம் உனக்கு எப்படித்தான் தெரியுது?"

"அவசரப்படாத. இடது பக்கம் சாச்சுப் பிடி. ரெண்டு எண்ணிட்டா நிறுத்திடாத, இன்னும் உள்ள போ. ஒரு கால் மிச்சமிருந்தா அது இன்னொருத்தனோடது."

பக்கத்துக் கட்டிலில் இரட்டைப் பிள்ளைக்காரி. போர்வையை மெதுவாகக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். ஆட்டைப் பற்றித்தான் பேசினேன் என்று விளக்குவதற்குள் அவள் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூலை 29, திங்கள்

திரை என் பக்கம் இருந்தால்தான் படுப்பேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்று வந்த பையன் அலையைத் தப்பான இடத்தில் பிடித்தான். சொன்னேன். திருத்திக்கொண்டான். வார்டில் என் பெயர் "ஆட்டம்மா".

பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது என்று நினைக்கிறேன் போலிருக்கிறது. அன்றைக்குக் கொட்டகையில் பார்த்தபோதும் நடந்துகொண்டுதானே இருந்தது?

ஆகஸ்டு 1, வியாழன்

அதே அலை. அதே கோடு. மார்லீன் போன் செய்தாள். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆகஸ்டு 2, வெள்ளி

திரும்பி ஓடுகிறது. நானே பார்த்தேன், அவர்கள் சொல்லும் முன். பத்தரைக்கு அறுவை சிகிச்சை. ப்ரெண்டன் பச்சைத் தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

ஆகஸ்டு 4, ஞாயிறு

பெண். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிராம். முப்பத்திரண்டு வாரமும் மூன்று நாளும். வந்ததும் அழுதாள். பூனைக்குட்டியின் தும்மல் அளவுதான், ஆனால் அழுதாள். என் தலைமாட்டில் நின்ற ப்ரெண்டன் அதைவிடச் சத்தமாக அழுததில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மூச்சுக்கு மூக்கில் குழாய். கண்ணாடிப் பெட்டி. தலை மட்டும் ஆள் மாதிரி, மீதியெல்லாம் தோலும் எலும்பும். கிடைத்த கொஞ்சத்தையும் அந்தத் தலைக்கே அனுப்பியிருக்கிறாள். எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்!

ட்ரெவ் போன் செய்தார்.

"ஒண்ணா?"

"ஒண்ணு."

"உசிரோட?"

"உசிரோட."

போனுக்குள் ஆடு கத்துவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வைத்துவிட்டார்.

ஆகஸ்டு 6, செவ்வாய்

எடை முப்பது கிராம் குறைவு. எல்லாக் குழந்தைக்கும் குறையுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நர்ஸிடம் கத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கத்தினேன்.

பெட்டிக்கு மேலே ஒரு திரை: துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் பிராணவாயு. மூன்று கோடு. சாப்பிடும் நேரம் போக அதையேதான் பார்க்கிறேன். "கெர், நீ இன்னும் அவ முகத்தப் பாக்கல" என்றான் ப்ரெண்டன். பார்த்தேன் என்றேன். "என்ன கலர் கண்ணு?" என்றான். சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்டு 8, வியாழன்

குழாய் எடுத்தாயிற்று. நாளை மடியில் தருவார்களாம். பயமாக இருக்கிறது.

ஆகஸ்டு 9, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கு நர்ஸ் என் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, குழந்தையை எடுத்து என் நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள். மேலே ஒரு துணி. கனமே இல்லை. சூடு மட்டும் தெரிந்தது. அப்புறம் மூச்சு, தோலில் லேசாக.

நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது, திரை என் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, ஆட்டம்மா, இருங்க. ஸ்கிரீன உங்க பக்கம் திருப்பி வைக்கறேன்" என்றாள் நர்ஸ்.

"வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கருநீலம்.